‘நாங்கள்’ என்னும் குரல்: கே.ஏ. குணசேகரனின் பாட்டுப் பணி குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

நாட்டார் பாடகர், நாட்டுப்புறவியல் ஆய்வாளர், நாடக ஆசிரியர், தன்வரலாற்றாசிரியர் எனப் பல நிலைகளில் இயங்கியவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016). அவரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அச்சில் கிடைக்கும் பனுவல்களையே மையமாகக் கொள்கின்றன. ஊர் ஊராகச் சென்று பாடிய அவருடைய பாட்டுப் பணி, ஆய்வுப் பொருளாக அமையாமல் பாராட்டுரைப் பொருளாக மட்டுமே நின்றுவிடுகிறது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ என்னும் பாடலைக் குணசேகரன் பாடியதில் நிகழ்ந்த பொருள்மாற்றத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, பாடுதல் என்பதும் ஓர் ஆக்கச் செயலே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ‘வடு’ தன்வரலாற்றின் ‘நான்’ என்னும் குரலோடு பாட்டின் ‘நாங்கள்’ என்னும் குரலை ஒப்பிடுவதும், நாட்டார் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்ததில் எழுந்த சிக்கல்களைச் சுட்டுவதும் இதன் பிற நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: நாட்டார் பாடல், தலித் கலை, நிகழ்த்துதல், ஆசிரியத்துவம், தன்வரலாறு, புதுச்சேரி.

முன்னுரை

2016 சனவரி 17ஆம் நாள் கே.ஏ. குணசேகரன் புதுச்சேரியில் காலமானார். ‘மனுசங்கடா’ என்னும் பாடலை எழுதிய கவிஞர் இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னையில் காலமானார். எழுதியவரும் பாடியவரும் ஓராண்டு எல்லைக்குள் மறைந்தபின் எஞ்சியிருப்பது பாடல். இன்குலாப்பின் சொற்கள் அச்சில் உள்ளன. எந்த மாணவரும் அவற்றை மேற்கோள் காட்ட இயலும். குணசேகரனின் பங்கு குரலில் உள்ளது. அதை மேற்கோள் காட்டுவதற்கு நம் ஆய்வுமுறையில் வழி ஏதும் வகுக்கப்படவில்லை.

தமிழ்த்துறைகளில் குணசேகரன் மூன்று வகைகளில் பயிலப்படுகிறார். ‘பலி ஆடுகள்’ நாடகத்தின் வழியாகத் தலித் அரங்கின் முன்னோடியாகவும், ‘வடு’ நூலின் வழியாகத் தன்வரலாற்றாசிரியராகவும், நிகழ்கலைகள் பற்றிய நூல்களின் வழியாக ஆய்வாளராகவும் அவர் பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் இடம்பெறுகிறார். இம்மூன்றும் அச்சுப் பனுவல்கள். பொதுமக்களோ அவரை முதலில் பாடகராகவே அறிந்தனர். ‘கணீர்க் குரல்’ என்னும் அடைமொழி அவரைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது; அக்குரல் என்ன செய்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து தொடங்குகிறது.

1. பாடகரும் ஆய்வாளரும்

குணசேகரன் 1955 மே 12ஆம் நாள் இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தையில் பிறந்தார். இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இப்பகுதி அன்று ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழையை நம்பிய வேளாண்மையும் கண்மாய்ப் பாசனமும் கொண்ட வறண்ட நிலம் அது. நடவு, களையெடுப்பு, அறுவடை, தாலாட்டு, ஒப்பாரி என உழைப்போடும் பிறப்பு இறப்போடும் பிணைந்த பாடல்கள் மிகுந்த பகுதியுமாகும். பறையர் சமூகத்தில் பிறந்த அவருக்கு இப்பாடல்கள் கள ஆய்வில் கிடைத்த தரவுகளாக அறிமுகமாகவில்லை. வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்தவை அவை.

தமிழில் நாட்டார் பாடல் தொகுப்பின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க மாற்றமாகும். ஆங்கிலேய அதிகாரியான பெர்சி மாக்வீன் திரட்டியவற்றை அடிப்படையாகக் கொண்டு கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இல் வெளிவந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வெளிவந்து, பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகக் காணும் பார்வையை நிலைநிறுத்தியது. நோக்கில் வேறுபட்ட இவ்விரு முயற்சிகளிலும் பாடுவோர் ஒரு பக்கமும் தொகுப்போர் மறுபக்கமும் நின்றனர். குணசேகரனிடம் இந்த இடைவெளி மறைகிறது. நாட்டுப்புறப் பாடல்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர், அப்பாடல்களைப் பாடுபவராகவும் இருந்தார்.

இடதுசாரி இயக்க மேடைகளில் பாடத் தொடங்கிய அவர், ‘தன்னானே’ என்னும் கலைக்குழுவை அமைத்துத் தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் சென்று பாடினார். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களின் தொடக்கத்தில் எழுச்சி பெற்ற தலித் கலை இலக்கிய இயக்கத்தில் அவருடைய குரல் முதன்மையான ஒன்றாயிற்று. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் அதன் தலைவராகவும் பணியாற்றினார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பையும் வகித்தார்.

‘தன்னானே’ என்னும் பெயர் கருதத்தக்கது. நாட்டார் பாட்டில் இவ்வசைகளுக்கு அகராதிப் பொருள் இல்லை. சொல் வருமுன் மெட்டைப் பிடித்துக்கொள்ளவும், முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைக் கட்டும் வரை பின்பாட்டுக்காரர் பாட்டை அறுபடாமல் தாங்கவும் இவை பயன்படுகின்றன. ஏட்டில் எழுதும் தொகுப்பாளர் பெரும்பாலும் முதலில் விட்டுவிடுவது இவ்வசைகளையே. ஏட்டில் விடுபடும் ஒன்றைக் குழுவின் பெயராகச் சூட்டியதில், பாட்டின் உயிர் எங்கே உள்ளது என்பது பற்றிய ஒரு நிலைப்பாடு அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

2. புதுச்சேரியில் நாட்டார் பாட்டு: மூன்று நிலைகள்

குணசேகரனின் பணிக்களமாக அமைந்த புதுச்சேரிக்கு நாட்டார் பாட்டோடு முன்பே தொடர்பு உண்டு. அத்தொடர்பில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை அறிய இரு முன்னோரை நோக்குதல் வேண்டும்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், எளிய சொற்களையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டுகளையும் கொண்டு காவியம் செய்யவேண்டும் என்னும் கருத்தைப் ‘பாஞ்சாலி சபத’ முன்னுரையில் முன்வைத்தார். அந்நூலின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இங்கேயே இயற்றப்பட்ட ‘குயில் பாட்டி’ல், ஏற்றமிறைப்போர், நெல்லிடிக்கும் பெண்கள் முதலியோரின் பாட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்ததாகக் குயில் கூறுகிறது. இங்கு நாட்டார் பாட்டு கேட்டு மகிழப்படுகிறது. கவிஞனின் யாப்புக்கு ஊட்டமாகிறது. உழைப்போர் பாடுகின்றனர், கவிஞர் கேட்கிறார்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இரண்டாம் நிலையினர். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று, நாடகங்களையும் அவற்றுக்கான பாடல்களையும் இயற்றிப் பயிற்றுவித்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பக்கவாதத்தால் பேச்சு இழந்த நிலையிலும் குழுவைப் பிரியாதிருந்த அவர் 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நாட்டார் மெட்டுகளும் இசை மரபும் அவரிடம் கலந்து, கட்டணம் செலுத்திக் காணும் மேடைக்கு உரிய வடிவம் பெற்றன. ‘வள்ளி திருமணம்’ இன்றும் தென்மாவட்டக் கோயில் விழாக்களில் நடிக்கப்படுவது அவ்வடிவத்தின் வலிமைக்குச் சான்று.

குணசேகரன் மூன்றாம் நிலையினர். பாரதியார் கேட்ட பாட்டையும் சங்கரதாஸர் மேடைக்கேற்ப வடித்த மெட்டையும் தம் உழைப்பினூடே பாடிவந்த மக்களிடமிருந்து ஒருவர், சங்கரதாஸரின் பெயர் தாங்கிய பள்ளிக்கே பேராசிரியராக வந்தார். இந்திரா பார்த்தசாரதி தொடக்ககாலத்தில் வழிநடத்திய பள்ளி அது. அக்காலத்துப் புதுச்சேரி தலித் சிந்தனையின் களமாகவும் விளங்கியது. ராஜ் கௌதமன், ரவிக்குமார் ஆகியோர் இந்நகரிலிருந்து எழுதினர். அவர்கள் கோட்பாட்டுத் தளத்தில் நிகழ்த்திய விவாதத்தை, வாசிப்புப் பழக்கமில்லாத மக்களிடமும் கொண்டு செல்லக்கூடிய ஊடகம் குணசேகரனிடம் இருந்தது. அவருடைய பாட்டுப் பணியைக் கோட்பாட்டு விவாதத்தின் பரப்புரைக் கருவியாக மட்டும் காண்பது தவறாகும் என்பதை அடுத்த பகுதி காட்டும்.

3. ‘மனுசங்கடா’: எழுதியவரும் பாடியவரும்

கீழக்கரையில் பிறந்து, சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த இன்குலாப், சாதிவெறிக் கொடுமைகளுக்கு எதிராக ‘மனுசங்கடா’ பாடலை இயற்றினார். அது மக்கள் பாட்டானது குணசேகரனின் குரலால் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. ஒரு கவிதையைப் பாடகர் ஒருவர் ‘பரப்பினார்’ என்று கூறும்போது, பொருள் முழுவதும் கவிதையில் உள்ளது, பாடகர் அதைச் சுமந்து சென்றவர் என்னும் கருத்து மறைமுகமாக ஏற்கப்படுகிறது. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது.

முதலில் தலைப்பையே நோக்கலாம். ‘மனுசங்க’ என்னும் பேச்சு வழக்குப் பன்மையோடு ‘டா’ என்னும் விளியிடைச் சொல் சேர்ந்து நிற்கிறது. தமிழ்ச் சிற்றூர்களில் இவ்வோர் அசை சாதிப் படிநிலையின் அன்றாடக் கருவியாக இருந்துள்ளது. வயதில் மூத்த தலித் ஒருவரை ஆதிக்க சாதிச் சிறுவன் ‘டா’ போட்டு அழைப்பதும், அச்சிறுவனைப் பெரியவர் பணிந்து விளிப்பதும் வழக்கமாக இருந்தன. அந்த ‘டா’வை ஒடுக்கப்பட்டோர் தம்மை ஒடுக்கியோரை நோக்கித் திருப்புவது பாடலின் மைய நிகழ்வு. ‘நாங்களும் மனிதர்களே’ என்னும் செய்தியைவிட அச்செய்தி சொல்லப்படும் விளிமுறையே அதிகாரத்தை நிலைகுலையச் செய்கிறது. மனிதர் என்பதை நிறுவுவதற்கு மன்றாடும் தொனி இங்கில்லை. சமநிலையை முன்னரே எடுத்துக்கொண்டு பேசும் தொனி இது.

அச்சில் இவ்வசை ஓர் எழுத்து மட்டுமே. வாசிப்பவர் அதைக் கெஞ்சலாகவும் படிக்கலாம், வியப்பாகவும் படிக்கலாம். பாடும்போது இந்த நெகிழ்ச்சி மறைகிறது. எந்த அசையில் தாளம் விழுகிறது, எது நீள்கிறது, எங்கு மூச்சு நிற்கிறது என்பவற்றைப் பாடகர் முடிவு செய்தே ஆகவேண்டும். அம்முடிவுகள் பாடலின் பொருளை நிலைப்படுத்துகின்றன. இப்பணி உரையாசிரியரின் பணிக்கு நிகரானது. உரையாசிரியர் சொல்லால் பொருளை வரையறுப்பதுபோல் பாடகர் ஒலியால் வரையறுக்கிறார்.

இரண்டாவது, தன்மைப் பன்மை பற்றியது. தமிழில் ‘நாம்’ என்பது கேட்போரையும் உட்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. ‘நாங்கள்’ கேட்போரை விலக்கி நிற்பது. இப்பாடலின் குரல் ‘நாங்கள்’ என்னும் குரல். இன்குலாப் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த இடதுசாரிக் கவிஞர். அவருடைய ‘நாங்கள்’ தோழமையால் எய்தப்பட்டது. பிறர் துயரைத் தமதாக்கிய அறத்தின் வெளிப்பாடு. அதே சொல்லைக் குணசேகரன் பாடும்போது அது சான்றுரையாகிறது. கவிதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சொல்பவர் மாறியதால் சொல்லின் தகுதி மாறியது. தோழமைக்குரலைச் சாட்சிக்குரலாக மாற்றிய இச்செயலை ‘பரப்புதல்’ என்னும் சொல் உள்ளடக்காது.

மூன்றாவது, கேட்போர் பற்றியது. ‘நாங்கள்’ என்பது விலக்கும் சொல்லாதலின், மேடைக்கு முன்னுள்ள கூட்டத்தை அது இரண்டாகப் பிரிக்கிறது. சேரியில் பாடும்போது கூட்டம் முழுவதும் அச்சொல்லுக்குள் நுழைகிறது. எதிரே நிற்கும் ‘நீங்கள்’ அங்கு இல்லாத ஊராராவர். கலப்பான கூட்டத்திலோ கல்லூரி அரங்கிலோ பாடும்போது, கேட்பவர் ஒவ்வொருவரும் தாம் ‘நாங்கள்’ பக்கமா ‘டா’ என்று விளிக்கப்படும் பக்கமா என்று எண்ண நேர்கிறது. ஊர்தோறும் சென்று பாடியதன் பயன் இதுவே. ஒரே பாடல் ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு கூட்டத்தின் முன் வேறு வேறு எல்லைக்கோட்டை வரைந்தது. நிகழ்த்தும் இடத்தைக் குறிப்பிடாத பனுவல் ஆய்வு இவ்வேறுபாட்டைக் காண இயலாது.

அம்சன் குமார் இயக்கிய திரைப்படம் ‘மனுசங்கடா’ என்னும் பெயரையே ஏற்றது. இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுசெல்லப் போராடும் தலித் இளைஞனின் கதை அது. வேறு ஊடகத்தில் உருவான ஒரு படைப்புக்கு இப்பெயர் ஒன்றே முன்னுரையாகப் போதுமானதாக இருந்தது. கவிஞரும் பாடகரும் சேர்ந்து ஒரு சொல்லை எவ்வளவு தூரம் பொதுநினைவில் பதித்தனர் என்பதற்கு இது சான்று.

4. பாட்டின் ‘நாங்கள்’, வடுவின் ‘நான்’

2005இல் காலச்சுவடு வெளியீடாக வந்த ‘வடு’, தமிழ்த் தலித் தன்வரலாறுகளுள் முன்னோடியான ஒன்று. 2009இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. இளையான்குடியில் கழிந்த இளமைக்காலமும் கல்வியும் அதன் பொருள். இசுலாமியர் மிகுந்த இளையான்குடியில் சாதியின் அழுத்தம் குறைந்திருந்ததையும், உறவினர் வாழ்ந்த சுற்றுக் கிராமங்களுக்குச் செல்லும்போது அது முழு வடிவில் எதிர்ப்பட்டதையும் நூல் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. சில கல் தொலைவுப் பயணத்தில் ஒருவனின் மதிப்பு மாறிவிடும் வியப்பைச் சிறுவனின் பார்வையில் அது பதிவு செய்கிறது.

இந்நூலின் நடை, பாடகரை மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும். உயர்ந்த குரல் இதில் இல்லை. பேச்சு வழக்கு சார்ந்த, அலங்காரமற்ற நடையில், சில இடங்களில் நகைச்சுவையோடும் அவமதிப்புகள் சொல்லப்படுகின்றன. சினத்தை வெளிப்படுத்தும் பொறுப்பு வாசகரிடம் விடப்படுகிறது. இந்த அடக்கத்தைச் சிலர் நூலின் குறையாகக் கருதக்கூடும். பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்னனுபவத்திலிருந்து சமயம், கல்வி ஆகிய நிறுவனங்களின் மீதான விமரிசனத்துக்கு நகர்வதோடு ஒப்பிட்டால், ‘வடு’ நிகழ்ச்சிகளைச் சொல்வதோடு நின்றுவிடுவதாகத் தோன்றலாம்.

பாட்டையும் தன்வரலாற்றையும் இணைத்துப் படித்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. ‘மனுசங்கடா’வில் கூட்டமாகத் திரும்பப் பேச முடிகிறது. ‘வடு’வின் சிறுவன் தனியன். அவமதிக்கப்படும் நேரத்தில் அவனுடன் கூட்டம் இல்லை, பறை இல்லை, மேடை இல்லை. அவன் பேசாதிருக்கிறான், அல்லது விலகிச் செல்கிறான். அந்த அமைதியைப் பிற்காலத்துப் பாடகரின் குரலால் நிரப்பிவிடாமல் அப்படியே விட்டுவைத்தது நூலின் நேர்மை. ‘டா’ என்று திருப்பிச் சொல்லும் ஆற்றல் தனியொருவரின் துணிவால் கிட்டவில்லை. இயக்கமும் கூட்டமும் மேடையும் உருவான பின்னரே கிட்டியது. இவ்வரலாற்று உண்மையை இரண்டு ஆக்கங்களும் சேர்ந்தே உணர்த்துகின்றன. ஆகவே குணசேகரனின் தன்வரலாற்றைப் பாட்டை விடுத்துப் பயில்வது, அவருடைய வாழ்வின் முற்பாதியை மட்டும் பயில்வதாகும்.

5. மேடையாக்கத்தின் சிக்கல்கள்

குணசேகரனின் பணியை மதிப்பிடுவோர் அதன் சிக்கல்களையும் எதிர்கொள்ளவேண்டும். அவற்றுள் மூன்று முதன்மையானவை.

ஒன்று, உழைப்பிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்தல். நடவுப் பாட்டின் வேகத்தை முடிவு செய்வது நாற்றை ஊன்றும் கை. வேலை முடியும் வரை பாட்டு நீளும். பாடுபவர் எதிர்ப்பட்டவற்றை எல்லாம் இணைத்துக் கட்டுவார். மேடையில் கை வேலை இல்லை. வேகத்தைத் தாளக்கருவி முடிவு செய்கிறது; நீளத்தை நிகழ்ச்சி நிரல் முடிவு செய்கிறது. ஒலிநாடா இதை மேலும் இறுக்கியது. மாறிக்கொண்டே இருந்த பாடல் ஒரே வடிவில் உறைந்தது. ஒலிநாடா சென்றடைந்த ஊர்களில் அவ்வடிவமே ‘சரியான’ வடிவமாகக் கொள்ளப்படும் வாய்ப்பும் உண்டு. ஆயினும் இயந்திரங்களின் வரவால் வயலிலும் களத்திலும் பாட்டு அருகிவந்த காலத்தில் இம்மேடைகள் தோன்றின என்பதையும் கருதவேண்டும். மேடை பாட்டை மாற்றியது. மேடை இல்லாவிடினும் பாட்டு முன்போல் இருந்திருக்காது.

இரண்டு, பெண்களின் பாடல்கள் பற்றியது. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல் ஆகியவற்றை ஆக்கியோரும் காத்தோரும் பெரும்பாலும் பெண்களே. ஆண் பாடகர் தலைமை தாங்கும் குழுவில் அவை இடம்பெறும்போது ஆக்கியோரின் பெயர் எங்கே நிற்கிறது என்னும் வினா எழுகிறது. ‘ஆசிரியர் பெயர் அறியப்படாதது’ என்னும் நாட்டுப்புறவியல் வரையறை, பல இடங்களில் ‘ஆசிரியர் பெயர் கேட்கப்படாதது’ என்பதற்கு மாற்றாக நிற்கிறது. குணசேகரன் நாட்டார் பாடகர்களையே மேடைக்கு அழைத்து வந்தார் என்பது இங்கு அவருக்குச் சார்பான சான்று. அவருடைய குழுவில் பாடிய சின்னப்பொண்ணு பின்னர்த் தம் பெயராலேயே அறியப்பட்டார். எனினும் கல்வித் தகுதியும் நிறுவனப் பொறுப்பும் கொண்ட தலைவருக்கும், அவை இல்லாத பாடகர்களுக்கும் இடையே அங்கீகாரம் சமமாகப் பகிரப்படுகிறதா என்பது அவர் ஒருவரைப் பற்றிய வினா அன்று. இன்று நாட்டார் கலைஞர்களோடு பணியாற்றும் ஒவ்வோர் ஆய்வாளரும் எதிர்கொள்ளவேண்டிய வினா.

மூன்று, பறை பற்றியது. சாவு வீட்டிலும் கோயில் விழாவிலும் பறையடிப்பது பல ஊர்களில் சாதியால் சுமத்தப்பட்ட கடமை. அக்கடமையைச் செய்ய மறுப்பது தலித் தன்மதிப்புப் போராட்டத்தின் ஒரு வடிவமாக நெடுங்காலம் இருந்துவருகிறது. 1990களின் தலித் கலை மேடைகளோ பறையைப் போர்க்குரலாகவும் பெருமிதக் கலையாகவும் முன்னிறுத்தின. ஊரில் பறையைக் கீழே வைத்த இளைஞனும், நகரத்து மேடையில் பறையை உயர்த்திப் பிடித்த கலைஞனும் ஒரே நோக்கம் உடையவர்களே. ஆனால் அவர்களுடைய செயல்கள் எதிரெதிரானவை. இம்முரணைத் தீர்ப்பது கருவி அன்று, அதை அடிக்கும் சூழல். யார் அழைத்தார், மறுக்கும் உரிமை இருந்ததா, கூலியும் மதிப்பும் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டன என்பவையே அடிமைத்தொழிலையும் கலையையும் பிரிக்கின்றன. குணசேகரன் போன்றோரின் மேடை, மறுக்கும் உரிமை உள்ள ஓரிடத்தில் பறையை வைத்தது. அம்மேடைக்கு வெளியே, சிற்றூரின் நிலை தானாக மாறிவிடவில்லை.

‘நாட்டுப்புறம்’ என்னும் சொல்லின் போதாமையையும் இச்சிக்கல் காட்டுகிறது. ஊர், சேரி என்னும் பிரிவினையை அச்சொல் மூடிவிடுகிறது. ஒரே கிராமத்தின் பாடல்கள் என்று தொகுக்கப்படுபவற்றுள், ஊரின் பாட்டும் சேரியின் பாட்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கக்கூடும். பாடியவரின் சாதியையும் பாடப்பட்ட இடத்தையும் குறிக்காத தொகுப்பு, அவ்வெதிர்ப்பை ‘மக்கள் பண்பாடு’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் கரைத்துவிடுகிறது.

6. தொடர்ச்சி

குணசேகரனின் மரபு இரு திசைகளில் தொடர்கிறது. ஒன்று திரையிசை. சின்னப்பொண்ணு ‘சந்திரமுகி’ (2005) படத்தில் பாடினார். ‘காதலில் விழுந்தேன்’ (2008) படத்தின் ‘நாக்க முக்க’ பாடல்வழி நாடு முழுவதும் அறியப்பட்டார். நாட்டார் குரலின் வீச்சுக்குக் கிடைத்த பெரும் அங்கீகாரம் இது. ஆனால் அங்கு அக்குரல் கொண்டாட்டத்தின் குரல். ‘நாங்கள்’ என்று எல்லை வகுக்கும் குரலாக நிற்க அதற்கு இடமில்லை. குரல்வளம் சந்தைக்குச் சென்றது, சாட்சித்தன்மை பின்தங்கியது.

மற்றொரு திசை அரசியல் இசை. 2018 சனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது. மெட்டும் கருவிகளும் வேறு. நகரம் அதன் களம். ஆனால் ஒடுக்கப்பட்டோர் தம் குரலில் தன்மைப் பன்மையில் பேசுதல் என்னும் அடிப்படை, குணசேகரன் தலைமுறை உருவாக்கிய மேடையின் தொடர்ச்சியே. 2021இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலையொட்டி, எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் ஆகியோருள் பாடல் யாருடையது என்று எழுந்த பொது விவாதம், இக்கட்டுரை ‘மனுசங்கடா’வை முன்வைத்து எழுப்பிய ஆசிரியத்துவ வினா இன்னும் தீராதது என்பதைக் காட்டுகிறது.

இவ்வினாவை ஆய்வுலகம் கையாள வேண்டுமெனில் தரவுமுறை மாறவேண்டும். குணசேகரனின் பாடல்களை எழுத்துப்பெயர்ப்பாக மட்டும் தொகுப்பது போதாது. ஒலிநாடாக்கள், மேடை ஒலிப்பதிவுகள், தனியார் காணொளிகள் ஆகியவை இலக்கமுறையில் திரட்டப்படவேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பாடிய இடம், காலம், அழைத்த அமைப்பு, உடன்பாடியோர், கருவியிசைத்தோர் பெயர்கள் குறிக்கப்படவேண்டும். ஒரே பாடலின் பல பதிவுகளை ஒப்பிட்டு, சொல், மெட்டு, வேகம் ஆகியவற்றின் வேறுபாடுகளைப் பாடவேறுபாடுகளாகவே கொள்ளவேண்டும். சுவடிப்பதிப்பில் பாடவேறுபாட்டுக்கு நாம் தரும் மதிப்பைக் குரலுக்குத் தர மறுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பேணிவரும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலையில் எழுதப்பட்டதைக் காக்கத் தெரிந்த இந்நகருக்கு, ஓலையில் எழுத இடம் தரப்படாதோரின் குரலைக் காக்கும் கடமையும் உண்டு. உடன்பாடியோரும் கேட்டோரும் வாழும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்படவேண்டும். அவர்களுக்குப் பின் ஒலிப்பதிவு கிடைத்தாலும், அது எங்கே யார் முன் பாடப்பட்டது என்று சொல்ல ஆளிருக்காது.

முடிவுரை

குணசேகரன் ஆய்வாளராகவும் பாடகராகவும் இருந்தார் என்று இரண்டையும் ‘உம்’ சேர்த்து எழுதுவது வழக்கம். இக்கட்டுரையின் நோக்கில் அவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். இன்குலாப்பின் ‘நாங்கள்’ என்னும் சொல்லுக்கு அவர் தம் குரலால் சான்று பகர்ந்தார். அவ்வகையில் அப்பாடலின் ஆக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. ‘வடு’வில் அச்சான்றுக்குப் பின்னுள்ள தனிமனித அமைதியைப் பதிவு செய்தார். அவருடைய மேடைகள் பாட்டை அதன் உழைப்புச் சூழலிலிருந்து பிரித்தன; அதே மேடைகள்தாம் மறுக்கும் உரிமையோடு பாடவும் பறையடிக்கவும் ஓரிடத்தை உருவாக்கின. இவ்விரண்டையும் சேர்த்தே அவருடைய பணி மதிப்பிடப்படவேண்டும்.

அவருடைய நூல்களைப் பயிலும் வகுப்பறைகளில் அவருடைய குரலும் ஒலிக்கவேண்டும். மாணவர் ஒருவர் ‘மனுசங்கடா’வை முதலில் அச்சில் படித்து, பின்னர் அக்குரலில் கேட்டு, இரண்டுக்கும் இடையே எது மாறியது என்று எழுதத் தொடங்குவாராயின், நாட்டார் பாடலாய்வு தொகுப்பு நிலையிலிருந்து நிகழ்த்துதல் ஆய்வு நிலைக்கு நகர அதுவே தொடக்கமாக அமையும்.